நன்றிக்கு ஒரு விலாசம்

சில வருஷங்களுக்கு முன்னால் என் நாத்தனார் சென்னையிலிருந்து வந்தபோது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தாள். பூப்போட்ட அட்டை, உள்ளே பக்கத்துக்கு மூன்று கோடு. தினமும் ராத்திரி படுக்கப் போகுமுன் அன்றைக்கு நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை அதில் எழுத வேண்டுமாம். மனசு லேசாகும், தூக்கம் நன்றாக வரும் என்று அனுபவித்துச் சொன்னாள். நானும் எழுதினேன். குடும்பம், ஆரோக்கியம், காலைக் காபி. மறுநாள் காலைக் காபி, குடும்பம், ஆரோக்கியம். வரிசை மாறும், சரக்கு அதேதான். மழை பெய்த நாளில் 'மழை' என்று எழுதுவேன். யாருக்கு நன்றி என்று எனக்கே தெரியாது. பிரபஞ்சத்துக்கு என்று நாத்தனார் சொல்கிறாள். பிரபஞ்சத்தோடு எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லை.

நோட்டு இப்போது பால் கணக்குக்குப் பயன்படுகிறது. அந்த மூன்று கோட்டில் எனக்கு வராத ஒன்று, கேமராவைத் தூக்கிக்கொண்டு குளத்தங்கரையில் அலைய ஆரம்பித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். நீளமாகப் போகும், காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

கேமரா என்னுடையது இல்லை, மகளுடையது. அவள் அப்பா தவணையில் வாங்கிக் கொடுத்தது. கொஞ்ச நாள் ஆசையாக எடுத்தாள், பிறகு போனே போதும் என்று மேஜையில் போட்டுவிட்டு கோவைக்குப் படிக்கப் போய்விட்டாள். உபயோகிக்காமல் வைத்திருந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்று யாரோ சொன்னார்கள். தவணை கட்டி முடிக்கிற முன்னாலேயே பூஞ்சை பிடித்தால் எப்படி? அதனால் வெளியே எடுத்துக்கொண்டு போனேன். கலை ஆர்வம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

திருநெல்வேலி டவுனில் எங்கள் வீட்டிலிருந்து நயினார்குளம் நடக்கிற தூரம். காலையில் போனால் ஒரு பக்கம் காய்கறி மார்க்கெட்டில் லாரிகளிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும். அழுகின முட்டைக்கோஸ் வாடை. இன்னொரு பக்கம் குளம். பாதி தண்ணீர், பாதி அமலைச் செடி. இத்தனை வருஷம் அந்தப் பக்கமாக நூறு வேலைக்குப் போயிருப்பேன், குளத்தில் என்ன இருக்கிறது என்று நின்று பார்த்ததில்லை. நாமக்கோழி, தாழைக்கோழி, முங்கினால் எங்கே எழும்பும் என்று சொல்ல முடியாத முக்குளிப்பான், இறக்கையை விரித்துக் காயவைக்கிற நீர்க்காகம். நீளவால் இலைக்கோழி என்று ஒன்று. இலை மேலேயே நடக்கும், கால்விரல்கள் அவ்வளவு நீளம். அதில் முட்டையை அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் முழுக்க முழுக்க ஆண்தான். பெண் முட்டை இட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். இதை வீட்டில் சொன்னபோது யாரும் பெரிதாக ரசிக்கவில்லை.

அங்கே ஒரு காலை, கரையில் பல் துலக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, என்னத்த எடுக்கிய? கார்ப்பரேசன்ல இருந்து வாறியளோ?"

"இல்ல அண்ணாச்சி, பறவைய எடுக்கேன்."

"பறவையா?" அவருக்கு ஏமாற்றம். அமலையை அள்ள யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார். "அதுக்கென்ன, தண்ணி வந்தா பறவ வரும். கால்வாய்ல தண்ணி உட்டாச்சுல்லா."

வாயைக் கொப்பளித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அந்தப் பதில் விட்டுப்போகவில்லை. பறவை தண்ணீரைத் தொடர்ந்து வந்தது. தண்ணீர் கால்வாயைத் தொடர்ந்து வந்தது. கால்வாய் யாரைத் தொடர்ந்து வந்தது?

நெல்லைக் கால்வாய் சுத்தமல்லி அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரிகிறது. வழியெல்லாம் வயலுக்குக் கொடுத்துவிட்டு டவுனுக்குள் நுழைந்து நயினார்குளத்தில் வந்து விழுகிறது. பொதிகையில் தொடங்கிப் புன்னைக்காயலில் கடலைத் தொடுகிற வரை நம் ஆற்றின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான். அதற்குள் எட்டு அணைக்கட்டு: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் இருக்கிற ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரன் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. ஒவ்வொன்றிலும் கால்வாய், ஒவ்வொரு கால்வாயிலும் குளங்கள். நான் எடுத்த நாமக்கோழிப் படத்தில் ஒரு நாமக்கோழியும் கொஞ்சம் தண்ணீரும்தான் தெரிகின்றன. அந்தத் தண்ணீரை அங்கே கொண்டுவந்து நிறுத்த எத்தனை பேர் மண் சுமந்திருப்பார்கள்!

பெரும்பாலானவர்கள் பெயர் தெரியாதவர்கள். கன்னடியன் கால்வாயையே எடுத்துக்கொள்ளுங்கள். சேரன்மகாதேவி, பத்தமடைப் பக்கமெல்லாம் பசேலென்று இருப்பது அதனால்தான். அதை வெட்டிவைத்தது கன்னட தேசத்திலிருந்து வந்த ஒரு பிரம்மச்சாரி என்பார்கள். கையில் வந்த பெருஞ்செல்வத்தை என்ன செய்வது என்று அகத்தியரிடம் கேட்டானாம். ஒரு பசுவின் பின்னால் போ, அது நடக்கிற வழியில் கால்வாய் வெட்டு, படுக்கிற இடத்தில் குளம் வெட்டு என்றாராம் அவர். கதை கதைதான். ஆனால் அந்த ஆளின் சொந்தப் பெயர் கதையில்கூட இல்லை. எந்த ஊர்க்காரன் என்பது மட்டும் மிஞ்சி, கால்வாய்க்குப் பெயராகிவிட்டது.

பெயர் மிஞ்சியவர்களும் உண்டு. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆற்றைத் தாண்டுகிற பாலத்தின் மேல் நின்றுதான் மடையான்களை நான் அதிகமாக எடுத்திருக்கிறேன். பாறை மேல் மண்ணும் பாறையுமாகக் கலந்து நிற்கும், பறக்கும்போதுதான் அத்தனை வெள்ளையையும் எங்கே ஒளித்துவைத்திருந்தது என்று தோன்றும். அந்தப் பாலம் 1843இல் திறந்தது. அதற்கு முன்னால் ஆற்றைக் கடக்கப் படகுதான். கலெக்டர் ஆபீசில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிக் கொடுத்தார். ஒரு அரசு ஊழியர் தன் கைக்காசில் ஊருக்குப் பாலம் கட்டினார் என்று இன்றைக்குச் சொன்னால் வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்பார்கள். பாலத்தின் ஓரத்துத் தூணில் கல்வெட்டு இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் யாரும் அதைப் படித்து நான் பார்த்ததில்லை, நானும் மடையானை எடுக்க நின்றிருக்காவிட்டால் படித்திருக்க மாட்டேன்.

இப்படித்தான் எனக்கு இந்த விஷயம் பிடிபட்டது. பூப்போட்ட நோட்டில் நன்றி எழுதும்போது கை அந்தரத்தில் நின்றது. படம் எடுத்த பிறகு, இது எப்படி இங்கே இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். யாராவது ஒருவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. நன்றிக்கு விலாசம் கிடைத்துவிடுகிறது.

கூந்தன்குளத்தில் இது இன்னும் நன்றாகத் தெரியும்.

போகாதவர்களுக்காக: நாங்குநேரி வட்டம். மூலைக்கரைப்பட்டி வழியாகப் போக வேண்டும். திருநெல்வேலியிலிருந்து பைக்கில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், என் வீட்டுக்காரர் ஓட்டினால் கொஞ்சம் கூட. கூந்தன்குளம், காடன்குளம் என்ற இரண்டு குளங்களும் சேர்ந்து 1994இல் பறவைகள் சரணாலயம் ஆயின. அரசாங்கம் அறிவிப்பதற்கு வெகு காலம் முன்னாலேயே ஊர்க்காரர்கள் பறவைகளுக்குக் காவலாக இருந்தவர்கள். சரணாலயம் என்றால் வேலி போட்ட காடு என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். ஊர்த்தெருவில் நடக்கும்போதே தலைக்கு மேல் ஆரம்பித்துவிடும். வீட்டு முற்றத்து வேம்பில், புழக்கடைப் புளியமரத்தில், உச்சி முழுக்க மஞ்சள்மூக்கு நாரைகளின் கூடு. ஒரு மரத்தில் பத்துக்கு மேல். கீழே திண்ணையில் ஆள் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்.

மஞ்சள்மூக்கு நாரை அழகு என்றால் அப்படியொரு அழகு. ஆரஞ்சு நிற முகம், கொஞ்சம் கீழே வளைந்த மஞ்சள் அலகு, வால் பக்கம் ரோஜா நிறத்தில் தொங்குகிற இறகு. வளர்ந்த பறவைக்குக் குரல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, அலகைத் தட்டித்தான் பேச்சு. குஞ்சுகள் அதற்கும் சேர்த்துக் கத்தும். காலை முதல் சாயங்காலம் வரை மரம் முழுக்க அந்தக் கத்தல். அதோடு எச்சம், அரைகுறையாகத் தின்றுவிட்டுக் கீழே போட்ட மீன், அதன் நாற்றம். மரத்தடியில் துணி காயப்போட முடியாது. வடகம் காயவைக்க முடியாது. ஒரு நாள் சுற்றுலா போய்விட்டு வருகிற நமக்கு அது இயற்கை. அந்த வீட்டுக்காரர்களுக்கு அது மாதக்கணக்கில் தினமும் வாசல் தெளிக்கிற வேலை.

ஒரு வீட்டு முன்னால் நின்று மேலே பார்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்த ஆச்சியிடம், "இவ்வளவு எச்சம் போடுதே, தொந்தரவா இல்லையா ஆச்சி?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாத கேள்வி போலிருக்கிறது. முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏன் தாயி, ஒங்க வீட்டுக்கு மக பிள்ளப்பேறுக்கு வந்தா தொந்தரவுன்னா சொல்லுவிய? பெத்து வளத்து எடுத்துட்டுப் போவும். தாய் வீடுல்லா இதுவளுக்கு."

அதற்கு மேல் நான் என்ன கேட்பது?

பிறகு அவளே சொன்னாள், தீபாவளிக்குக்கூட ஊரில் வெடி போடுவதில்லை என்று. கூட்டிலிருந்து குஞ்சு விழுந்தால் பிள்ளைகள் எடுத்துக்கொண்டுபோய் வனத்துறையிடம் கொடுத்துவிடுவார்கள், அங்கே அதற்கென்று இடம் வைத்து மீன் போட்டு வளர்க்கிறார்கள். ஊருக்கு இதில் வரவும் உண்டு. எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீர் வயலுக்குப் போனால் தனியாக உரம் அவ்வளவு வேண்டாம். பறவை நிறைய வந்த வருஷம் வெள்ளாமை நல்லாருக்கும் என்பது அங்கே நம்பிக்கை. நம்பிக்கையில் பாதி விஞ்ஞானம். பறவை நிறைய வந்தால் குளத்தில் தண்ணீர் நிறைய இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

குளத்துக்குள் தண்ணீரில் நிற்கிற கருவேல மரங்களிலும் கூடுகள் உண்டு. மரம் தானாக முளைத்தது என்றுதான் நினைத்திருந்தேன். தமிழ்நாடு முழுக்கக் குளங்களுக்குள் நாம் பார்க்கிற கருவேலத்தில் பெரும்பகுதி சமூகக் காடுகள் திட்டத்தில் வனத்துறை நட்டது. ஊருக்கு விறகு கிடைக்கட்டும் என்று நட்டார்கள். 1980களில் அந்தத் திட்டத்துக்கு சுவீடன் நாடு பண உதவி செய்தது. அடுப்பெரிக்க நட்ட மரத்தில் நாரை கூடு கட்டியது. எங்கேயோ பனியில் இருக்கிற ஒரு சுவீடன்காரர் கட்டிய வரியில் ஒரு சிறு பங்கு இங்கே முள்மரமாகி நிற்கிறது. அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார், பாவம்.

அன்றைக்கு உச்சி வெயிலில் ஒரு தாய் நாரை, தாயோ தகப்பனோ, பார்த்தால் வித்தியாசம் தெரியாது, கூட்டின் மேல் இறக்கையை அகல விரித்துக்கொண்டு நின்றது. குஞ்சுகளுக்கு நிழல். வெயில் நகர நகர அதுவும் உடம்பைத் திருப்பிக்கொண்டது. வெள்ளைப் பறவையை வெயிலில் எடுக்கும்போது எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் இறகு எல்லாம் கலந்து வெறும் வெள்ளையாகிவிடும். குறைத்தால் நிழலில் இருக்கிற குஞ்சு இருட்டில் போய்விடும். தாயைக் காட்டுவதா பிள்ளையைக் காட்டுவதா என்று தீர்மானிக்க வேண்டிய நிலை. நான் தாயைத்தான் தேர்ந்தெடுத்தேன். இன்னும் பக்கத்தில் போய் எடுக்கலாமே என்று தோன்றும். கூடாது. நாம் நெருங்கினால் பறவை எழும்பும், எழும்பினால் அந்த வெயில் குஞ்சின் மேல் விழும். ஒரு படத்துக்காகக் கூட்டைக் கலைக்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது, அவர்கள் வாங்கிய பரிசு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி.

வீட்டுக்கு வந்து படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது மகள் போனில் இருந்தாள். அனுப்பி வைத்தேன். "அம்மா, சூப்பர். ஆனா கீழ மூலைல டிஷ் ஆன்டெனா தெரியுது, மாடிச் சுவர்ல ஒரு பச்சைக் குடம் தெரியுது. கிராப் பண்ணிடு" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். படக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். மின்கம்பி, வீட்டுக் கூரை, மனிதர்கள், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுப் பறவையையும் நீல வானத்தையும் மட்டும் வைப்பார்கள். போட்டிகளுக்கும் அப்படித்தான் வேண்டும். வெட்டிப் பார்த்தேன். படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நாரை எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியவில்லை. எச்சத்தைப் பொறுத்துக்கொண்டு, வெடி போடாமல், மரத்தை வெட்டாமல் வைத்திருக்கிற வீட்டை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்துக்கு இயற்கை என்று பெயர் வைப்பது எனக்கு ஒப்பவில்லை. குடம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதிலிருந்து என் படங்களில் குடம், கொடிக்கயிறு, சைக்கிள், மார்க்கெட் லாரி எல்லாம் வரும். பேஸ்புக்கில் லைக் குறைந்துவிட்டது. பரவாயில்லை.

இந்த இடத்தில் மா. கிருஷ்ணனைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன், 1912இல் நம் திருநெல்வேலியில் பிறந்தவர். 'தி ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் காலமாகும் வரை எழுதிக்கொண்டே இருந்தார். நாற்பத்தாறு வருஷம்! படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவை உருவாக்கி வைத்துக்கொண்டு காட்டு யானைகளை எடுத்தவர். என்னைக் கவர்ந்தது யானை இல்லை. யானைக்குக் கொடுத்த அதே கவனத்தை அவர் ஊர்க் காக்கைக்கும் அணிலுக்கும் கொடுத்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று புத்தகம் வந்திருக்கிறது. கிடைத்தால் வாங்கிவிடுங்கள். வெளியூர்க் காட்டுக்கு டிக்கெட் போட வேண்டும் என்ற எண்ணமே போய்விடும், முற்றத்தில் வேலை நிறைய இருக்கும்.

நாங்கள் வெளியில் போகிற வழக்கம் இப்போது இப்படித்தான் ஆகிவிட்டது. ரேஷன் கடைக்குப் போகும் வழியில் ஒரு குளம், கல்யாண வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஒரு குளம். பட்டுப்புடவையோடு குளத்தங்கரையில் நின்றிருக்கிறேன். மாசி, பங்குனி ஆனால் பதநீர். பனையோலைப் பட்டையில் ஊற்றி நுங்கையும் வெட்டிப்போட்டுக் கொடுப்பார்கள். பனை ஏறுகிற அண்ணாச்சிகளுக்குத் தெரியாத பறவை கிடையாது, உச்சியில் என்னென்ன கூடு இருக்கிறது என்று அவர்கள்தான் பக்கத்தில் பார்க்கிறார்கள். பொங்கல் சமயத்தில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று 2015 முதல் நடக்கிறது. நாலு நாளில் எங்கே வேண்டுமானாலும் நின்று பதினைந்து நிமிஷமாவது பார்த்து, பார்த்ததை எழுதி இபேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும். மொட்டை மாடியில் கோலப்பொடிக் கையோடு செய்யலாம். தாமிரபரணிப் படுகைக் குளங்களுக்கென்றே ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் 2011 முதல் நடக்கிறது. அதில் ஒரு தடவை சேர்ந்துபோனேன். பள்ளிக்கூடப் பையன்கள் பெயர் சொல்கிற வேகத்தில் எனக்குக் கண்ணாடியைத் துடைக்கக்கூட நேரமில்லை.

கூந்தன்குளத்து வாத்துகளையும் சொல்லிவிடுகிறேன். வரித்தலை வாத்து. மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வருவது. கருவி பொருத்தி ஆராய்ந்தபோது ஏழாயிரம் மீட்டருக்கு மேலும் பறந்திருக்கிறது. அந்த உயரத்தில் கிடைக்கிற கொஞ்சக் காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிடித்துக்கொள்ளத் தோதாக அதன் ரத்தமே அமைந்திருக்கிறதாம். இதையெல்லாம் வழியெல்லாம் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் குளத்து நடுவில் வெகு தூரத்தில் வரிசையாகச் சில புள்ளிகள். பகலில் அவை அப்படித்தான், தண்ணீரில் ஓய்வெடுக்கும்; ராத்திரிதான் வயலில் இறங்கி மேயும். "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றார். கரையில் மம்மட்டியோடு நின்ற ஒருவர் அவருக்குத் துணைக்கு வந்துவிட்டார். "பாக்க வாறவங்களுக்கு வாத்து. ராத்திரி முழிச்சு வெரட்டுதவனுக்குத்தான் தெரியும் சங்கதி" என்றார். சொல்லிவிட்டு, புள்ளிகள் நன்றாகத் தெரிகிற மேட்டை அவரேதான் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்.

இதெல்லாம் படித்துவிட்டு, ஆறும் குளமும் எப்போதும் நல்லதே செய்யும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருப்பது, வெள்ளம் வருவது அதற்குப் புதிதில்லை. தண்ணீர் ஏறினால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், வடிந்தால் மணலை அள்ளிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவார்கள். அதற்குப் பழக்கம் உண்டு, வீடுகளுக்கு இல்லை. பல குளங்கள் உடைந்தன. நான் ஆசையாகப் படம் எடுத்த கரைகளே. அந்த வாரம் கேமராவைக் கையில் எடுக்கவே கூசியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் மேலே போக வழியில்லாமல் நின்றுவிட, பயணிகள் நூற்றுக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் சோறு பொங்கிப் போட்டார்கள். அவர்கள் ஊரைச் சுற்றியும் தண்ணீர்தான். அந்த வருஷம் நோட்டு கையில் இருந்திருந்தால் 'மழை' என்று எழுதியிருக்க மாட்டேன். 'புதுக்குடி' என்று மூன்று கோட்டிலும் எழுதியிருப்பேன்.

சரி, விலாசம் கிடைத்தாகிவிட்டது, கடிதம் போட வேண்டாமா? அதற்கு நான் கண்டுபிடித்த வழி, பிரிண்ட் போட்டுக் கொடுப்பது. நாலுக்கு ஆறு அளவில். டவுனில் நான் கொடுக்கிற ஸ்டுடியோக்காரருக்கு இது வேடிக்கை. "கல்யாண ஆல்பம் தவிர யாரும் இப்போ பிரிண்ட் போடுறதில்லக்கா. நீங்க கொக்கப் போட்டுக்கிட்டு இருக்கிய" என்பார். நயினார்குளத்துப் பெரியவருக்கு ஒன்று கொடுத்தேன். அமலை இவ்வளவு அடர்ந்து கிடப்பது நன்றாகத் தெரிகிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டார், மனுவோடு சேர்த்துக் கொடுக்கப்போகிறாராம். பதநீர் அண்ணாச்சி தன் படத்தைப் பார்த்துவிட்டு, மீசை சரியாக விழவில்லை, இன்னொன்று எடுங்கள் என்றார்.

கூந்தன்குளத்து ஆச்சிக்குக் கொண்டுபோனதுதான் கடைசி. இறக்கை விரித்து நிற்கிற நாரை, அந்த வெயில், அந்த நிழல், நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த படம். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நாரையை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அது தினமும் பார்ப்பதுதானே.

"ஏ, இது எங்க வீட்டுக் கொடம்லா! மாடில வச்ச கொடம். ஏட்டி, இங்க வந்து பாரு!"

உள்ளேயிருந்து மருமகள் வந்தாள், அடுத்த வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். குடம் எப்போது வாங்கியது, யார் கல்யாணத்துக்கு வந்தது என்று பேச்சு போனது. பம்பாயில் இருக்கிற மகளுக்கும் ஒன்று வேண்டும், கொஞ்சம் பெரிதாக, வீடு முழுக்கத் தெரிகிற மாதிரி என்றாள் ஆச்சி. எவ்வளவு ஆகும் என்று இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள். காசெல்லாம் வேண்டாம் ஆச்சி என்றேன். சும்மா வாங்கிக்கொள்வது அவளுக்குச் சரிப்படவில்லை. மருமகளை அனுப்பிப் புழக்கடை முருங்கையை உலுக்கச் சொல்லி, பைக் பெட்டி மூடாத அளவுக்குக் காய் திணித்து அனுப்பினாள். எங்கள் வீட்டில் மூன்று நாளாகச் சொதிதான்.